அன்ரனிக்கு வாசித்த கடிதங்கள்

1

ஜெசிந்தாவின் கடிதம் வெள்ளிக்கிழமை வந்தது. இன்றைக்கு ஞாயிறு. இன்னும் உடைக்கவில்லை. சாப்பாட்டு மேசையில் உப்புப் போத்தலுக்குக் கீழே கிடக்கிறது. அதைத் தாண்டித்தான் தேத்தண்ணிக் கோப்பையை எடுக்கிறேன், மகளின் பள்ளிக்கூடக் கொப்பியை நகர்த்துகிறேன்.

ஜெசிந்தா என் சிநேகிதன் அன்ரனியின் மனைவி. மன்னாரில், பேசாலையில், இரண்டு பொடியன்களோடு இருக்கிறாள். அன்ரனி இங்கே ரண்டர்ஸ் பட்டினத்தில் ஒரு பராமரிப்பு இல்லத்தில் இருக்கிறான். போன வருஷம் இதே கிழமை நாங்கள் குடியிருந்த வள்ளம் வெடித்து எரிந்தது. அதில் அவனுக்கு இரண்டு கண்ணும் போய்விட்டன. கைவிரல்களும் கருகி ஒட்டிப்போயின. ஆகவே அவனுடைய கடிதங்கள் என் விலாசத்துக்கு வரும். ஞாயிறு மத்தியானம் பஸ் எடுத்துப் போய் நான் வாசித்துக் காட்டுவேன். பதிலை அவன் சொல்லச் சொல்ல நான் எழுதுவேன். ஊரில் பன்னிரண்டு வருஷம் ஒரு உபதபாற்கந்தோரில் கிளாக்காக இருந்தவன் நான். இன்னொருவருடைய கடிதத்தில் ஒரு நாளும் கைவைத்தவன் இல்லை என்று பெருமையடித்துக் கொள்வேன். அந்தப் பெருமைக்கு இனி வாயில்லை.

ஊரிலிருந்து ஒரு பத்திரிகைக்காரர், 'டென்மார்க் சீவியத்தைப் பற்றி எழுதுங்கோ, பனியைப் பற்றி எழுதுங்கோ, எங்கடை சனம் விரும்பி வாசிக்கும்' என்று மூன்று தரம் கேட்டுவிட்டார். பனியைப் பற்றி வேறு யாராவது எழுதட்டும். என்னிடம் இருப்பது ஒரு வள்ளமும் ஒரு பொய்யும்தான். இதை உலகத்தில் யாரும் வாசிக்கலாம். வாசித்து அறியவேண்டிய ஒரே ஆளுக்குக் கண் இல்லை.

2

யாழ்ப்பாணத்தில் ஆறு இல்லை. வழுக்கியாறு என்று பெயருக்கு ஒன்று இருக்கிறது. மாரியில் நாலு நாள் ஓடும், பிறகு மாடு மேயும். எனக்கு நீந்தத் தெரியாது. குளிப்பது கிணற்றடியில், வாளியால் அள்ளி. இப்படிப்பட்ட ஒருவன் வெளிநாட்டுக்கு வந்து தண்ணீருக்கு மேலே குடியிருந்தேன் என்றால் ஊரில் சிரிப்பார்கள். சிரியுங்கோ, சிரிக்கத்தக்க காலமும் இருந்தது.

எண்பத்துநாலில் வந்தேன். மனைவி பவளமும் மகள் தர்சினியும் ஊரில். இருக்க அனுமதி கிடைத்த பிறகு ரண்டர்ஸில் ஒரு அறையில் நாலு பேர் படுத்தோம். குடும்பத்தைக் கூப்பிடுவதென்றால் குடியிருக்க ஒரு இடம் காட்டவேண்டும் என்றார்கள். வாடகை வீட்டுக்கு வரிசை ஆமைவேகத்தில் போனது. அன்ரனி என்னோடு இறைச்சித் தொழிற்சாலையில் பெட்டி கழுவியவன். என்னைவிட ஏழெட்டு வயது இளமை. கடற்கரையில் பிறந்தவன், இஞ்சின் சத்தத்தை வைத்தே அதன் வருத்தத்தைச் சொல்லிவிடுவான்.

ஒருநாள் தொழிற்சாலை அறிவித்தல் பலகையில் ஒரு துண்டு. ஓய்வுபெற்ற டெனிஷ் வாத்தியார் ஒருவர் வள்ளம் விற்கிறார். இங்கிலாந்துக் கால்வாய்களில் சனங்கள் ஒடுங்கிய நீள வள்ளங்களில் வீடு மாதிரிக் குடியிருக்கிறார்களாம். அதைப் பார்த்து வந்து அதே அளவில் இரும்பால் தானே செய்திருக்கிறார். இப்போது முழங்கால் ஏலாது. அன்ரனி என்னையும் இழுத்துக்கொண்டு போனான்.

பஸ்ஸைவிட நீளம். அகலமோ, நடுவில் நின்று கையை விரித்தால் இரண்டு பக்கச் சுவரும் முட்டும். ஒருவர் அடுப்படியில் நின்றால் மற்றவர் வயிற்றை எக்கிக்கொண்டு போகவேண்டும். முன்னுக்கு ஒரு படுக்கை அறை, நடுவில் சமையல், பின்னுக்கு இஞ்சின். குடெனோ ஆற்றில், பட்டினத்துப் பாலத்துக்குக் கிட்ட, கயிற்றில் கட்டி நின்றது.

"அண்ணை, முன்னறை உங்கடை," என்றான் அன்ரனி. "பவளமக்கா வந்தா நான் இஞ்சினுக்குப் பக்கத்திலை படுப்பன். எனக்கு அந்த மணம் இல்லாட்டி நித்திரை வராது."

"தாண்டு போச்செண்டா?"

"இந்த ஆத்திலை தாண்டா எழும்பி நிண்டு மூச்சு விடலாம். நீங்கள் கொஞ்சம் கட்டை, அதுதான் யோசிக்கிறன்."

வாங்கிய கிழமையே முன்பக்கத்தில் வெள்ளைப் பெயின்ற்றால், தன் ஊர்ப்பக்கத்துக் கோயில் மாதாவின் பெயரை, 'மடுமாதா' என்று தமிழில் எழுதினான். துறைமுக அதிகாரி வந்து பார்த்து, இது என்ன சித்திரம் என்று கேட்டார்.

3

அந்த வள்ளத்தை வீடு என்று ஒப்புக்கொள்ள வைக்க நான் பட்ட பாடு கொஞ்சநஞ்சமல்ல.

நகரசபைக் கந்தோரை இங்கே கொம்மூன் என்பார்கள். அங்கே ஒரு பெண்மணி. நல்ல மனுசி, ஆனால் முன்னால் இருந்த படிவத்தை விட்டு ஒரு விரற்கடை அசையமாட்டா. தெரு என்ன? தெருவில் இல்லை, தண்ணீரில். இலக்கம்? இல்லை. எத்தனையாம் மாடி? மாடி இல்லை. இடப்பக்கக் கதவா, வலப்பக்கக் கதவா? இங்கே எல்லா விலாசத்திலும் அது வேண்டும். நான் என் உடைந்த டெனிஷில், சிலவேளை வள்ளத்தைத் திருப்பிக் கட்டுவோம், அப்போது இடம் வலமாகிவிடும் என்றேன். அவ சிரிக்கவில்லை. எழுதிக்கொண்டா.

கடைசியில் கயிறு கட்டும் இரும்பு வளையத்துக்குத் துறைமுகத்தார் கொடுத்திருந்த இலக்கமே எங்கள் வீட்டு இலக்கமாயிற்று. ஆனால் விலாசம் நிற்கும் இடத்தில் வீடும் நிற்கவேண்டும், ஊரை விட்டுப் போனால் அறிவிக்கவேண்டும் என்று நிபந்தனை. நானோ தபாற்கந்தோர்க்காரன், ஒழுங்கென்றால் உயிர். முதல் தரம் சனி ஞாயிறுக்கு ஆற்றில் போகப் புறப்பட்டபோது பதிவுத்தபாலில் ஒரு கடிதம் போட்டேன்: 'வரும் சனி ஞாயிறு என் வீடு வீட்டில் இராது.'

பத்து நாளில் பதில் வந்தது. வீடு எந்த நகரசபைக்குக் குடிபெயர்கிறது என்று விசாரித்திருந்தார்கள். அன்ரனி அதை நிலைக்கண்ணாடிக்குப் பக்கத்தில் ஒட்டிவைத்து வருகிற ஆட்களுக்கெல்லாம் காட்டினான். அந்தக் கடுதாசியும் எரிந்துபோயிற்று.

4

அந்த ஒரு கோடைகாலம் நான் நிம்மதியாக இருந்தேன். சொன்னால் வெட்கம், குடும்பம் ஊரில் ஷெல்லடிக்குள் இருக்கும்போது இங்கே ஒருவன் நிம்மதியாக இருந்தான்.

ஆற்றில் மேலே லொங்கோ பக்கம் போவோம். போவோம் என்றால் என்ன, நடந்து போகிற ஆள் எங்களை முந்திவிடுவான். நாயைக் கூட்டிக்கொண்டு போன கிழவி ஒருத்தி கரையில் எங்களோடு கதைத்துக்கொண்டே வந்து, அலுத்துப்போய்க் கையைக் காட்டிவிட்டு முன்னுக்குப் போய்விட்டா. இரண்டு பக்கமும் நாணல், மாடுகள் முழங்கால் தண்ணீரில் நின்று எங்களைப் பார்க்கும். அன்ரனி சுக்கானைப் பிடிப்பான். நான் முன்னுக்கு நீளத் தடியோடு நின்று கரையில் முட்டாமல் ஊன்றித் தள்ளுவேன். முட்டும். ஒவ்வொரு தரமும் முட்டும்.

"அண்ணை, கரை அங்கைதான் நிக்குது, அது ஓடி வந்து உங்களை இடிக்கேல்லை."

"நீ சுக்கானை ஒழுங்காப் பிடி."

நிறுத்தின இடத்தில் சோறும் மீன்குழம்பும். குழம்பு மணத்துக்கு அடுத்த வள்ளத்து வெள்ளைக்காரர் யன்னலைப் பூட்டுவார், அல்லது தட்டை எடுத்துக்கொண்டு வருவார். இரண்டுக்கும் நடுவில் ஒன்றும் இல்லை.

வள்ளத்துச் சீவியத்துக்கென்று அன்ரனியிடம் சில கட்டளைகள் இருந்தன. குப்பி விளக்கோ மெழுகுதிரியோ உள்ளே கொளுத்தக்கூடாது. காஸ் அடுப்பின் திருகியை ஒவ்வொரு தரமும் கையால் தொட்டுப் பார்க்கவேண்டும், கண்ணால் பார்த்தால் காணாது. இஞ்சினைத் தொடங்க முன்னர் கட்டாயம் கேட்பான்: "அண்ணை, அடுப்பு பூட்டினதுதானே?"

"வீட்டிலை காஸ் ஒழுகினா யன்னலாலை போயிடும்," என்று விளங்கப்படுத்துவான். "வள்ளத்திலை அது எங்கையும் போகாது. காத்தைவிடப் பாரம் கூட. பலகைக்குக் கீழை போய்ப் படுத்திருக்கும். இஞ்சின் ஒரு சின்னப் பொறி விட்டாக் காணும்."

நூறு தரம் கேட்டிருப்பான். நூறு தரமும் நான் போய்த் தொட்டுப் பார்த்துவிட்டு "ஓம், பூட்டியாச்சு" என்று சொல்லியிருப்பேன்.

5

கார்த்திகையில் பவளமும் தர்சினியும் வந்து இறங்கினார்கள். வெளியே கைவிரல் விறைக்கிற குளிர். பவளம் வள்ளத்தை முன்னுக்கும் பின்னுக்கும் ஒரு தரம் பார்த்தாள். பெட்டியைத் திறந்து ஒரு சின்னப் பித்தளைப் பானையை எடுத்தாள். குடிபூரலுக்குப் பால் காய்ச்ச நேரம் குறித்துக்கொண்டே வந்திருக்கிறாள். விடிய ஒன்பது மணிக்குள்.

"பால் காய்ச்சாமல் இதுக்குள்ளை ஒரு வாய் தண்ணி குடிக்கமாட்டன்," என்றாள்.

அன்ரனி வேதக்காரன், ஆனாலும் மரியாதை தெரிந்தவன். "நீங்கள் குடும்பமாச் செய்யுங்கோ அக்கா. நான் குழாயடியிலை தண்ணி பிடிச்சுக்கொண்டு வாறன். பிறகு உங்களை ஆத்திலை ஒரு சுத்துக் கூட்டிக்கொண்டு போறன்," என்று கான்களைத் தூக்கிக்கொண்டு கரைக்குப் போய்விட்டான்.

குளிருக்காக எல்லாக் கதவையும் இழுத்துச் சாத்தினோம். விளக்குக் கொளுத்தக்கூடாது என்பதால் ஊதுபத்தி மட்டும், ஒரு கட்டு முழுக்க. வள்ளம் கோயில் மாதிரி மணத்தது. பானை அடுப்பில் ஏறியது. மூன்று பேரும் அந்த ஒடுக்கத்துக்குள் தோளோடு தோள் முட்டி நின்று பார்த்தோம். ஒன்றரை வருஷத்துக்குப் பிறகு மனைவியின் தோள்.

"எந்தப் பக்கம் கிழக்கு?" என்று பவளம் கேட்டாள்.

"முன்பக்கம். கடல் அங்காலைதான்."

நுரை எழும்பியது. பழக்கத்தில் என் கை திருகிக்குப் போனது. பவளம் கையைப் பிடித்து இழுத்தாள். "விடுங்கோ! நல்லாப் பொங்கி வழியவேணும்." பால் விளிம்பைத் தாண்டிச் சடாரென்று முன்பக்கமாக வழிந்தது. தர்சினி கைதட்டித் துள்ளினாள். "கிழக்கை! அப்பா, கிழக்கை!" பவளத்துக்குக் கண் கலங்கிவிட்டது. எனக்கும்தான்.

பால் விழுந்து அடுப்பு சீறியது. நீல நெருப்பு அணைந்தது. பவளம் பானையை இறக்கினாள். நான் துடைக்கத் துணியை எடுத்தேன். "துடைக்காதேங்கோ, லச்சுமி. கொஞ்சநேரம் கிடக்கட்டும்," என்றாள். துணியைத் திரும்ப வைத்தேன். அதனால் அடுப்பில் ஒருவர் கையும் படவில்லை.

ஊரில் எங்கள் அடுப்பு விறகடுப்பு. நெருப்பு அணைந்தால் அடுப்பு அணைந்தது. நாற்பது வருஷமாகக் கண்டு பழகியது அது. நெருப்பு இல்லை என்று கண் சொன்னது, அடுப்புப் பூட்டியாயிற்று என்று மண்டை எடுத்துக்கொண்டது. மடையன். திருகி திறந்தபடியே இருந்தது.

அந்த ஊதுபத்தி மணத்துக்குள் இருந்து பால் குடித்தோம், காஸ் மணம் ஒருவர் மூக்கிலும் படவில்லை. பிள்ளைக்குப் புதுச் சப்பாத்துப் போட்டோம். அன்னங்கள் வந்திருக்கின்றன என்று அவள் கத்த, மூன்று பேரும் கரைக்கு ஏறிப் பின்னால் கதவைச் சாத்தினோம். அரை மணித்தியாலம் போயிருக்கும். அன்ரனி கான்களோடு வந்தான். அவனுக்கென்று கையோடு கொண்டுவந்திருந்த ஒரு குவளை பாலைப் பவளம் கொடுத்தாள். நின்றபடியே குடித்தான்.

"அக்கா, சீனி காணாது. சீனிக்கு இந்த நாட்டிலை பஞ்சமில்லை," என்று சிரித்தான். குவளையை என்னிடம் தந்துவிட்டு வள்ளத்தில் கால் வைத்தான். பின்கதவடியில் நின்று திரும்பினான்.

"அண்ணை, அடுப்பு பூட்டினதுதானே?"

"ஓம் ஓம், பூட்டியாச்சு."

இரண்டு ஓம். ஒரு ஓம் கூடச் சொல்லியிருக்கிறேன். எனக்கு அன்னத்தைப் பார்க்கிற அவசரம்.

அவன் உள்ளே குனிந்து இறங்கினான். இஞ்சின் ஒரு தரம் இருமியது. பிறகு வள்ளத்தின் கூரை எழும்பியதைக் கண்டேன். சத்தம் அதற்குப் பிறகுதான் கேட்டது என்று இன்றைக்கும் எனக்கு நினைவு. பவளம் பிள்ளையின் முகத்தை வயிற்றோடு அமத்திப் பிடித்தாள். அன்ரனியைத் துறைமுகத் தொழிலாளர் இருவர் இழுத்து எடுத்தார்கள். நான் ஓடவில்லை. கையில் பால்குவளையோடு நின்றேன்.

தீயணைப்பு வண்டிகள் அடித்த தண்ணீரின் பாரத்தில் 'மடுமாதா' கட்டின கயிற்றோடேயே தாண்டது. அடுப்பு இருந்த இடத்தில் அடுப்பே இல்லை.

6

பொலிஸ்காரர் மொழிபெயர்ப்பாளரோடு வந்து கேட்டபோது, அடுப்பு பூட்டியிருந்தது என்றேன். அன்றைக்கு அதை நான் நம்பினேன். மூன்றாம் நாள், அவசரத்துக்குத் தந்த விடுதி அறையில், பவளம் திடீரென்று கேட்டாள்.

"இஞ்சேருங்கோ, அந்தத் திருகியை நீங்கள் திருப்பினனீங்கள்தானே?"

"நீயெல்லோ பானையை இறக்கினனீ. நீ திருப்பேல்லையோ?"

அவள் கட்டிலில் இருந்துவிட்டாள். "ஒருத்தருக்கும் சொல்லாதேங்கோ. பிள்ளையோடை எங்களைத் திருப்பி அனுப்பிப்போடுவாங்கள்," என்றாள். தர்சினி மூலையில் இருந்து எங்கள் இரண்டு பேரையும் பார்த்துக்கொண்டிருந்தாள்.

பால் பொங்கினதுக்கு யாரும் யாரையும் நாடு கடத்தமாட்டார்கள் என்று இப்போது தெரியும். அப்போது தெரியாது. இல்லை, அதுவும் சாட்டு. பயம் ஒரு மாதத்தில் போய்விட்டது. பொய் போகவில்லை.

அன்ரனிக்கு ஆஸ்பத்திரியில் அறிவு வர இரண்டு கிழமை ஆயிற்று. அந்த நாள் விடிந்ததிலிருந்து ஒன்றும் அவனுக்கு நினைவில்லை. அவனுக்கு நினைவில்லாததை எல்லாம் நான் சொல்லவேண்டியிருந்தது. முகம் முழுக்கத் துணி சுற்றியிருந்தது. வாய் இருந்த இடத்திலிருந்து குரல் வந்தது.

"அண்ணை, பிள்ளைக்கு ஒண்டும் இல்லையே?"

"ஒண்டும் இல்லை. எல்லாரும் சுகம்."

"காஸ்தானாம் வெடிச்சது. டொக்டர் சொன்னவர்." கொஞ்சம் மூச்செடுத்தான். "நான் இஞ்சின் தொடங்க முன்னம் உங்களிட்டைக் கேட்டனானோ? அடுப்பைப் பற்றி?"

பக்கத்தில் தாதி நின்றாள். அவளுக்குத் தமிழ் தெரியாது. உலகத்தில் வேறு ஒருவருக்கும் கேட்காது.

"இல்லை அன்ரனி," என்றேன். "அண்டைக்கு நீ கேக்கேல்லை."

"எப்பவும் கேக்கிறனான்," என்றான். "எப்பிடிக் கேக்காமல் விட்டனான்?"

அதற்குப் பிறகு அவன் வேறு ஒன்றும் கேட்கவில்லை. அடுத்த ஞாயிறு ஜெசிந்தாவுக்குக் கடிதம் எழுதச் சொன்னான். அவன் சொன்னதை அப்படியே எழுதினேன், தபாற்கந்தோர்க் கையெழுத்தில், முத்து முத்தாக: 'என்னுடைய கவலையீனத்தால் வந்த விபத்து. காஸ் சிலிண்டருக்குப் பொறுப்பு நான். இஞ்சின் தொடங்க முன்னம் பார்க்கவேண்டியவன் நான். அண்ணையின் வீட்டையும் எரித்துப்போட்டேன்.' பேனையை வைக்காமல் எழுதி முடித்தேன். முத்திரையும் நானே ஒட்டினேன்.

ஆறு கிழமையில் பதில் வந்தது. வாசித்துக் காட்டினேன். 'பிள்ளையள் சுகம். உங்கடை கவலையீனத்தாலை உங்கடை கண்ணும் போய், ஒரு குடும்பத்தையும் தெருவிலை விட்டிட்டியள். பச்சைப்பிள்ளை ஒண்டு அதுக்குள்ளை இருந்திருந்தா என்ன செய்திருப்பியள்? ஊரிலையும் உப்பிடித்தான், ஒண்டையும் ஒழுங்காப் பாக்கிறேல்லை.' கீழே எனக்கும் இரண்டு வரி: 'அண்ணை, இதை நீங்கள்தான் வாசிப்பியள் எண்டு தெரியும். உங்கடை முகத்திலை முழிக்க எனக்கு வெக்கம். எங்களை மன்னிச்சுக்கொள்ளுங்கோ.'

அதையும் வாசித்தேன். மன்னிச்சுக்கொள்ளுங்கோ என்பதையும் என் வாயால் வாசித்தேன்.

"பாத்தியளே," என்றான் அன்ரனி. "அவள் சொல்லுறது சரிதானே."

இப்படி எட்டுக் கடிதம். எட்டிலும் ஏச்சு. அவன் தலையைக் குனிந்து கேட்டுக்கொண்டிருப்பான். ஏச்சு முடிந்ததும், "பொடியளைப் பற்றி என்ன எழுதியிருக்கு?" என்று கேட்பான்.

7

எங்களுக்கு இப்போது மாடிவீடு கிடைத்திருக்கிறது. மூன்றாம் மாடி, இடப்பக்கக் கதவு. படிவத்தில் எல்லாக் கட்டமும் நிரம்பிவிட்டது. மின்சார அடுப்பு. அதில் பவளம் இன்றுவரை பால் காய்ச்சவில்லை. தேத்தண்ணிக்குப் பால்மாதான்.

தர்சினிக்கு ஒன்பது வயது. ஒரு வருஷத்தில் டெனிஷ் அவளுக்குள் தண்ணீர் மாதிரி இறங்கிவிட்டது. நான் தமிழில் கேட்டால் டெனிஷில் பதில். கனவிலும் அதுதான் கதைக்கிறாள் என்று பவளம் சொல்கிறாள். முதலில் எல்லாம் ஞாயிறு என்னோடு வந்து அன்ரனி மாமாவின் தோளில் சாய்ந்து இருப்பாள். நான் அவளிலேயே கண்ணாக இருப்பேன், எந்த நேரம் வாய் திறப்பாளோ என்று. அவள் திறக்கவில்லை. திறக்காமல் என்னைப் பார்ப்பாள்.

இரண்டரை மாதத்துக்கு முன்னர் பள்ளிக்கூடத்தில் பெற்றோரைக் கூப்பிட்டார்கள். ஆசிரியை மெழுகுதிரி கொளுத்தி, கோப்பி ஊற்றித் தந்தா. மொழிபெயர்ப்பாளர் வரவில்லை, பிள்ளையே மொழிபெயர்த்துச் சொன்னாள். ஆசிரியை நீளமாக ஏதோ கதைத்தா. தர்சினி சட்டைக் கையைப் பிசைந்தபடி தமிழில் சொன்னாள்.

"வகுப்பிலை ஒரு உண்மைக் கதை சொல்லச் சொன்னவை. நான் வள்ளத்தைப் பற்றிச் சொன்னனான். பால் பொங்கினது, நெருப்பு நூந்தது, அன்ரனி மாமா உங்களிட்டைக் கேட்டது, எல்லாம். ரீச்சர் அழுதவா."

நான் கோப்பியைப் பார்த்தேன். ஆசிரியை குனிந்து, மிக மெதுவாக, எனக்கும் விளங்கவேண்டும் என்று ஒவ்வொரு சொல்லாக ஏதோ கேட்டா.

"உங்கடை சிநேகிதர் உங்களை மன்னிச்சவரோ எண்டு கேக்கிறா," என்றாள் தர்சினி.

"யா," என்றேன். டெனிஷில் ஓம். பிள்ளை மொழிபெயர்க்க இடம் வைக்கவில்லை.

வீட்டுக்கு வரும் வழியில் அவள் பத்தடி முன்னுக்கு நடந்தாள். சந்தியில் பச்சை விளக்குக்கு நிற்கும்போது திரும்பிப் பார்க்காமல் சொன்னாள்: "டு லூவர்." நீ பொய் சொல்கிறாய் என்று அர்த்தம். இந்த மொழியில் நீங்கள் என்று சொல்கிற வழக்கம் குறைவு, தகப்பனும் நீதான். ஆனால் அன்றைக்கு அந்த நீ எனக்குப் பொருத்தமாகத்தான் இருந்தது. அந்த ஞாயிறிலிருந்து அவள் என்னோடு இல்லத்துக்கு வருவதில்லை.

அந்தக் கிழமை ஜெசிந்தாவுக்கு எழுதினேன். முதல்முறையாக நானாக. பால், நெருப்பு, திருகி, அவன் கேட்டது, நான் இரண்டு தரம் ஓம் சொன்னது, ஆஸ்பத்திரியில் இல்லையென்று சொன்னது. அனுப்பிவிட்டுத் தர்சினியிடம் சொன்னேன். "அன்ரனி மாமாவுக்கோ எழுதினீங்கள்?" என்று தமிழில் கேட்டாள். "மாமிக்கு," என்றேன். அவள் தன் அறைக்குள் போய்விட்டாள்.

அதற்குரிய பதில்தான் உப்புப் போத்தலுக்குக் கீழே கிடக்கிறது.

8

ஞாயிறு பின்னேரம். போய் வந்துவிட்டேன். மிச்சத்தையும் எழுதிவிடுகிறேன்.

புறப்படும்போது தர்சினி கதவடியில் நின்றாள். "இண்டைக்கு வாசிப்பீங்களோ?" என்று கேட்டாள். "ஓம்," என்றேன். பஸ்ஸில் கடைசி இருக்கையில் இருந்து கடிதத்தை உடைத்தேன். மற்றக் கடிதங்கள் எல்லாம் அவன் முன்னால்தான் உடைத்தவை.

'அண்ணை, உங்கடை கடிதம் கிடைச்சது. மூண்டு நாள் நான் ஒருத்தரோடையும் கதைக்கேல்லை. ஒரு வருஷமா அந்த மனுசனை நான் ஏசினது எல்லாம் என்ரை கையாலை எழுதினது, அழிக்கேலாது. உங்களிலை எனக்குக் கோவம் இருக்கு, இல்லையெண்டு சொல்லமாட்டன். ஆனா ஒண்டு கேக்கிறன். கீழை அவருக்கு எழுதியிருக்கிறன். ஒரு வரி விடாமல் வாசிச்சுக் காட்டுங்கோ. உங்களுக்குப் புண்ணியமாப் போகும்.'

கீழே:

'என்ரை ராசா, நீங்கள் கேட்டனீங்களாம். இஞ்சின் தொடங்க முன்னம் அடுப்பு பூட்டினதோ எண்டு நீங்கள் கேட்டனீங்களாம். அண்ணை எழுதியிருக்கிறார். உங்களிலை ஒரு பிழையும் இல்லை. நான் ஏசினதை எல்லாம் மறந்துபோடுங்கோ.'

இவ்வளவுதான். நாலைந்து வரி. வாசிக்க அரை நிமிஷம் காணும். இல்லத்து வாசலில் சப்பாத்துப் பனியைத் தட்டும்போதும் வாசிப்பேன் என்றுதான் நினைத்தேன். படி ஏறும்போதும் நினைத்தேன்.

அன்ரனி யன்னலோரக் கதிரையில் சவரம் செய்து, தலை இழுத்து இருந்தான். ஞாயிறு என்றால் தாதியிடம் சொல்லி வெள்ளைச் சேட்டுப் போட்டுக்கொள்வான். என் காலடிச் சத்தம் கேட்டதும் முகம் திரும்பியது.

"அண்ணை, கடிதம் வந்ததோ?"

"வந்தது."

"வாசியுங்கோ. ஏச்சு முதல்லையோ கடைசியிலையோ?" என்று சிரிக்கப் பார்த்தான். அந்தத் தோலுக்குச் சிரிப்பு முழுதாக வராது.

கடுதாசியை விரித்தேன். 'என்ரை ராசா' என்பது வரை வாய் வந்தது. அதை வாசித்தேன். அவன் நிமிர்ந்தான். ஒரு வருஷமாக அந்தச் சொல் வரவில்லை. அவன் முகத்தைப் பார்த்தேன். இனி அடுத்த வரி. அடுத்த வரியோடு இந்த அறையில் நான் யார் என்பது முடிந்துவிடும். ஞாயிறு இல்லை, அண்ணை இல்லை. அவனுடைய கையை இவ்வளவு காலம் பிடித்துக்கொண்டிருந்தது யார் என்று அவன் கேட்பான்.

"என்ரை ராசா," என்று திரும்பவும் சொன்னேன். "பிள்ளையள் சுகம். மழை வந்திட்டுது. எங்கடை ஆடு ரண்டு குட்டி போட்டிருக்கு, ஒண்டு கறுப்பு. சின்னவன் அதுகளை விட்டு அசையிறானில்லை. உடம்பைக் கவனமாப் பாருங்கோ." எங்கிருந்து வந்ததோ தெரியாது. அவளுக்கு ஆடு இருக்கிறதோ என்றுகூடத் தெரியாது. குரல் ஒரு இடத்திலும் தடக்கவில்லை. கடுதாசியைத் தொடுகிற யோக்கியதை உள்ள எந்தத் தபாற்காரனும் செய்யாத வேலையை, கண்ணில்லாத மனிதனின் முன்னால் இருந்து, நிறுத்தக்குறி வைத்துச் செய்து முடித்தேன்.

அன்ரனி காதை என் பக்கம் சாய்த்தான்.

"முடிஞ்சுதோ?"

"முடிஞ்சுது."

"ஏசேல்லை," என்றான். "இண்டைக்குத்தான் அவள் என்னை ஏசேல்லை, அண்ணை." கண் இல்லாத அந்த இடத்தைக் கருகின புறங்கையால் துடைத்தான். "மன்னிச்சிட்டாள் போலை கிடக்கு."

நான் கடுதாசியை மடித்தேன்.

"மடிக்காதேங்கோ," என்றான். சத்தத்திலேயே அவனுக்குத் தெரிந்துவிடும். "இன்னொருக்கா வாசியுங்கோ. அந்த ஆட்டுக்குட்டியள் இடத்திலையிருந்து. ஒண்டு கறுப்பு எண்டு எழுதியிருக்கிறாள். மற்றது என்ன நிறமாம்?"

கடுதாசியைத் திரும்ப விரித்து வெளிச்சத்துக்குப் பிடித்தேன். 'நீங்கள் கேட்டனீங்களாம்' என்ற வரிதான் கண்ணில் பட்டது.

"வெள்ளை," என்றேன். "வெள்ளையாம், அன்ரனி."